ஓப்பன்பொக்ஸுக்கு ஒரு சின்ன ஷட்டவுன் பெட்டி, தமிழ்ப் பட்டன்களோடு

2 ஜிபி ரம் உள்ள பழைய கொம்பியூட்டரில் டெபியன் லினக்ஸையும் ஓப்பன்பொக்ஸையும் போட்டுவிட்டால் அது இன்னும் சில காலம் ஓடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் போர்டிங்கில் இருக்கிற கம்பஸ் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, “அண்ணா, இதை எப்பிடி ஓஃப் பண்ணுறது?”

நியாயமான கேள்விதான். ஓப்பன்பொக்ஸுக்கு ஜன்னல்களைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. மெனுவில் உள்ள எக்ஸிட்டைத் தட்டினால் செஷன் முடிந்து லொகின் திரை வரும், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பெட்டியை நாங்களே செய்துகொள்வோம். எட்டு வரிதான்.

கட்டளைகளை வாசிக்கிற உச்சரிப்பிலேயே தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பட்டன்களின் பெயர்களையும் திரையில் தெரிகிற மற்றச் சொற்களையும் மட்டும் தமிழிலேயே விடுங்கள்.

முதலில் கருவி

இந்த வேலைக்குப் பலர் டிமெனு என்ற சின்ன மெனுக் கருவியைச் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு அது நல்லது, தமிழுக்குச் சரிவராது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காமல் வந்த வரிசையிலேயே வரைவதால், “வெளியேறு” என்பதில் வ-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். யாட் என்ற கருவி, ஜன்னலும் பட்டனும் வரைகிற ஜிடிகே நூலகத்தில் எழுதப்பட்டது. எழுத்து வடிவமைப்பை அதோடு வரும் பாங்கோ என்ற நூலகம் பார்த்துக்கொள்வதால் கொம்பும் காலும் அதது இடத்தில் இருக்கும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் யாட்

பெட்டியில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். லோகித் தமிழோ நோட்டோ தமிழோ ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட்

வீட்டு ஃபோல்டருக்குள் .லோக்கல்/பின் என்ற இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறவுங்கள். நான் அதற்குப் படலை (வளவு வாசல் கதவு) என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை வையுங்கள், ஆனால் கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பது வசதி.

#!/பின்/எஸ்எச்
யாட் --சென்டர் --டைட்டில்="படலை" --டெக்ஸ்ட்="எல்லாவற்றையும் சேமித்துவிட்டீர்களா?" --பட்டன்="நிறுத்து:10" --பட்டன்="மறுபடி தொடங்கு:20" --பட்டன்="தூங்கு:30" --பட்டன்="வெளியேறு:40" --பட்டன்="வேண்டாம்:1"
கேஸ் $? இன்
10) எக்கோ நிறுத்து ;;
20) எக்கோ மறுபடி ;;
30) எக்கோ தூங்கு ;;
40) எக்கோ வெளியேறு ;;
எஸாக்

யாட் என்று தொடங்குவது நீளமாக இருந்தாலும் ஒரே வரி, நடுவில் எண்டர் தட்டக் கூடாது. கடைசி எஸாக் வேறொன்றுமில்லை, கேஸைத் திருப்பிப் போட்டதுதான்.

ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். அந்தப் பட்டனை அழுத்தியதும் யாட் அந்த எண்ணைத் தன் முடிவு எண்ணாக விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். $? என்பது கடைசியாக ஓடிய கட்டளையின் முடிவு எண். எனவே யாட் வரிக்கும் கேஸ் வரிக்கும் இடையில் வேறு கட்டளை எதையும் போடாதீர்கள். போட்டால் அதன் எண்தான் கேஸுக்குப் போகும், எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை. எஸ்கேப் தட்டினாலோ மூலையில் மூடினாலோ 252 வரும். அதற்குக் கேஸில் வரி இல்லாததால் ஒன்றும் நடக்காது. எங்களுக்குத் தேவையும் அதுதான்.

இப்போது ஓட அனுமதி கொடுங்கள்:

சிஎச்மொட் +எக்ஸ் ~/.லோக்கல்/பின்/படலை

டெர்மினலில் ஓட்டி ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். எக்கோ மட்டும் இருப்பதால் சொல் மட்டுமே விழும், மெஷின் அணையாது. பட்டனைத் தொடாமல் எண்டரையும் ஒருதரம் தட்டி எது ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் எக்கோக்களை மாற்றலாம்:

10) சிஸ்டம்சிடிஎல் பவர்ஓஃப் ;;
20) சிஸ்டம்சிடிஎல் ரீபூட் ;;
30) சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட் ;;
40) ஓப்பன்பொக்ஸ் --எக்ஸிட் ;;

சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டுவது) தேவையில்லை. மெஷினுக்கு முன்னால் இருந்து லொகின் செய்தவருக்கு அணைக்கும் உரிமையை, யாருக்கு எது அனுமதி என்று பார்க்கிற போல்கிட் கொடுத்துவிடும். ஆனால் வீட்டில் இன்னொருவரும் தன் கணக்கில் லொகின் செய்திருந்தால் அது பாஸ்வேர்ட் கேட்கும். வெறும் ஓப்பன்பொக்ஸில் அதைக் கேட்பதற்கு ஆளில்லை, பட்டனை அழுத்தினாலும் பேசாமல் இருக்கும். பாஸ்வேர்ட் பெட்டியைக் காட்டுகிற எல்எக்ஸ்போல்கிட்டைப் போட்டு, செஷன் தொடங்கும்போது ஓடுகிற ஓப்பன்பொக்ஸின் ஓட்டோஸ்டார்ட் கோப்பில் அதன் பெயரை ஒரு வரியாக எழுதி, கடைசியில் & போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை தீரும்.

“தூங்கு” பட்டனைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. லப்டொப்பில் இருக்கட்டும், டெஸ்க்டொப்பில் எடுத்துவிடுங்கள். சஸ்பெண்ட் ஆன மெஷின் எல்லாவற்றையும் ரமிலேயே வைத்திருக்கும். ரமுக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுக்க ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அவ்வளவு நேரம் வேண்டாம், யூபிஎஸ் கத்தி ஓய்கிற நேரமே போதும், சேமிக்காத அசைன்மென்ட் போய்விடும். பெட்டியில் “சேமித்துவிட்டீர்களா?” என்று கேட்பதும் அதனால்தான். அணைக்கும்போது, மெஷினைத் தொடக்கி நிறுத்துகிற சிஸ்டம்டி, ஓடுகிற புரோகிராம்களுக்கு முடியச் சொல்லிச் சைகை அனுப்பும், முடியாதவற்றை வழக்கமாக 90 விநாடி பார்த்துவிட்டு நிறுத்திவிடும். ஆனால் உங்கள் கோப்பைச் சேமிக்கவா என்று அது கேட்காது.

விசையோடு இணைத்தல்

.கொன்ஃபிக்/ஓப்பன்பொக்ஸ் ஃபோல்டரில் ஆர்சி.எக்ஸ்எம்எல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் /ஈடிசி/எக்ஸ்டிஜி/ஓப்பன்பொக்ஸில் இருந்து பிரதி எடுங்கள். கை வைக்க முன் இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள். கீபோர்ட் பகுதிக்குள் இதைச் சேருங்கள்:

<கீபைண்ட் கீ="சி-ஏ-டிலீட்">
<அக்ஷன் நேம்="எக்ஸிகியூட்">
<கொமாண்ட்>/ஹோம்/உங்கள்பெயர்/.லோக்கல்/பின்/படலை</கொமாண்ட்>
</அக்ஷன்>
</கீபைண்ட்>

சி என்றால் கொன்ட்ரோல், ஏ என்றால் ஓல்ட். இந்த இரண்டும், டிலீட், எக்ஸிகியூட் ஆகியவற்றின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சேமித்துவிட்டு ஓப்பன்பொக்ஸ் --ரீகொன்ஃபிகர் என்று ஓட்டினால் போதும், லொக்அவுட் தேவையில்லை.

மெஷினின் பவர் பட்டனிலேயே பெட்டி வரவேண்டும் என்றால் இன்னும் ஒரு படி. வழக்கமாக அதை அழுத்தியதும் சிஸ்டம்டியின் பகுதியான லொகின்டி எதுவும் கேட்காமல் அணைத்துவிடும். /ஈடிசி/சிஸ்டம்டி/லொகின்டி.கொன்ஃப் கோப்பில் ஹேண்டில்பவர்கீ என்ற வரியின் முன்னால் உள்ள # ஐ எடுத்து, = க்குப் பின்னால் இக்னோர் என்று மாற்றுங்கள். இதற்கு மட்டும் சூடோ வேண்டும். அப்புறம் மேலே உள்ள கீபைண்டைப் போல இன்னொன்று சேர்த்து, விசையின் பெயராக எக்ஸ்எஃப்86பவர்ஓஃப் என்று கொடுங்கள் (எக்ஸ், எஃப், பி, ஓ நான்கும் பெரிய எழுத்து). புதிய பெட்டியில் “மறுபடி தொடங்கு” என்பதை அழுத்துங்கள். மெஷின் திரும்பி வந்ததும் பவர் பட்டனை ஒருதரம் தட்டிவிட்டு எடுங்கள், அழுத்திப் பிடித்தால் நேரே அணைந்துவிடும்.