மின்தடைக்குச் சமூகம் கொடுக்கும் விலை: சிமுலேஷனில் கணக்கிடுவது எப்படி?

2 மணி நேரம் மின்சாரம் நின்றால் இவ்வளவு இழப்பு, 12 மணி நேரம் நின்றால் அதைப்போல் 6 மடங்கு, அவ்வளவுதானே என்றுதான் பலரும் இந்தக் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அது தவறு. எவ்வளவு பெரிய தவறு என்பதை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம், அதற்குத்தான் இந்தச் சிமுலேஷன் செய்முறை, அதாவது தடையைக் கம்ப்யூட்டரில் பாவனையாக நடத்திப் பார்ப்பது. எக்செல் போன்ற ஒரு விரிதாள் போதும். பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்தால் வேலை இன்னும் சுலபம், தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசிவரை ஒரே ஒரு கற்பனை ஊரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம். 10,000 வீடுகள், 300 கடைகள், ஒரு மருத்துவமனை, ஒரு குடிநீர் பம்ப் நிலையம், அதோடு சேர்ந்த மேல்நிலைத் தொட்டி, சில செல்போன் டவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே துணைமின் நிலையம். பணத்தை ‘அலகு’ என்றே எழுதுகிறேன், உங்கள் நாணயத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் அலகுகள் எல்லாம் பழகுவதற்காக நான் வைத்தவை, உண்மையான ஊருக்கு நீங்கள்தான் தரவு திரட்ட வேண்டும்.

படி 1: யாருடைய செலவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மின்தடை நேரத்தில் விற்காமல்போன மின்சாரத்தின் விலை என்பது மின்நிறுவனத்தின் இழப்பு. நமக்கு வேண்டியது சமூகத்தின் இழப்பு, அது இதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்காததால் ஒரு தையல் பட்டறையில் அரைநாள் வேலை நின்றால், அந்த யூனிட்டின் விலைக்கும் அந்த அரைநாள் கூலிக்கும் சம்பந்தமே இல்லை.

அதே நேரத்தில் ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடவும் கூடாது. காப்பீட்டு நிறுவனம் கடைக்காரருக்கு ஈடு கொடுத்தால் அந்தப் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது, சமூகத்துக்கு அது தனிச் செலவு இல்லை. இன்று வாங்க முடியாத செருப்பை நாளை வாங்கிக்கொள்வார்கள், அந்த விற்பனை தள்ளிப்போனதே தவிர தொலைந்துபோகவில்லை. ஆனால் இன்று கெட்டுப்போன பால் கெட்டதுதான். தொலைந்தது எது, தள்ளிப்போனது எது, கைமாறியது எது என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதிக்கொண்டு அதன் பிறகு விரிதாளைத் திறங்கள்.

படி 2: எது எதை நம்பி ஓடுகிறது என்று வரையுங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வட்டம் போடுங்கள். பம்ப் நிலையத்துக்கு மின்சாரம் வேண்டும், எனவே மின்சாரத்திலிருந்து பம்புக்கு ஓர் அம்பு. டவருக்கும் மின்சாரம் வேண்டும், அதற்கு ஓர் அம்பு. மருத்துவமனைக்கு மின்சாரம், தண்ணீர், தொலைபேசி மூன்றும் வேண்டும். பழுது பார்க்க வரும் ஆட்களுக்குத் தொலைபேசி வேண்டும், ஆகவே டவரிலிருந்து மின்சாரத்துக்கே ஓர் அம்பு திரும்பி வருகிறது. இப்படித் திரும்பி வரும் அம்புகளைத் தேடித்தேடிப் போடுங்கள், பெரிய விபத்துகள் அங்கேதான் இருக்கின்றன.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் குளிரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மின் உற்பத்தியில் பெரிய பங்கு இயற்கை எரிவாயுவுக்கு. அந்த எரிவாயுவை எடுத்துக் குழாயில் தள்ளும் கருவிகள் பலவும் மின்சாரத்தில் ஓடுபவை. குளிரில் ஏற்கெனவே உற்பத்தி குறைந்திருந்த நிலையில், சுமையைக் குறைக்க மின்சாரத்தை நிறுத்தியபோது அந்தக் கருவிகளில் சிலவும் சேர்ந்து நின்றன, எரிவாயு இன்னும் குறைந்தது, மின் உற்பத்தி மேலும் சரிந்தது. அந்த மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுவதும் விழுந்துவிட இன்னும் 4 நிமிடம் 37 விநாடிதான் இருந்தது என்று அதை நடத்தும் அமைப்பே பிறகு சொன்னது. தாளில் வரைந்தால் இரண்டே அம்புகள்.

அம்பு போட்டதும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நேரம் எழுதுங்கள்: மின்சாரம் போன பிறகு இது எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்? நம் ஊரில் டவர் பேட்டரி 4 மணி, மேல்நிலைத் தொட்டியில் 6 மணி நேரத்துக்குத் தண்ணீர், மருத்துவமனை ஜெனரேட்டரில் 24 மணி நேரத்துக்கு டீசல் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மருத்துவமனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, அதனால் 24 மணி நேரம் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கு ஒரு முறை டயாலிசிஸ் செய்யச் சுத்திகரித்த தண்ணீர் 100 லிட்டருக்கும் மேல் வேண்டும். தொட்டி 6 மணியில் காலி. ஏழாவது மணியில் இயந்திரத்துக்கு மின்சாரம் இருக்கும், நோயாளி படுக்கையில் இருப்பார், தண்ணீர் இருக்காது. டயாலிசிஸைப் பொறுத்தவரை மருத்துவமனையின் உண்மையான தாக்குப்பிடிக்கும் நேரம் 24 மணி இல்லை, 6 மணி. ‘ஜெனரேட்டர் இருக்கிறதா? இருக்கிறது’ என்று கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நகர்கிற கணக்கில் இது ஒருநாளும் தெரியவராது.

படி 3: நேரம் போகப்போகச் செலவு எப்படி ஏறும் என்று எழுதுங்கள்

வீட்டுக்கு மணிக்கு 1 அலகு, கடைக்கு மணிக்கு 50 அலகு. சேர்த்தால் ஊருக்கு மணிக்கு 10,000 + 15,000 = 25,000 அலகு. இது சாதாரண நேர்க்கோடு.

அடுத்து படிக்கட்டு வருகிறது. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் வரை உணவைப் பாதுகாக்கும் என்பது உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் பொதுவான அளவு. எனவே 4 மணியைத் தாண்டியதும் வீட்டுக்கு 20 அலகு ஒரே அடியாக இழப்பு, ஊருக்கு 2 லட்சம். 6 மணியைத் தாண்டினால் தண்ணீர் இல்லை, அதற்கு வீட்டுக்கு மணிக்கு 3 அலகு கூடுதல், ஊருக்கு மணிக்கு 30,000.

சரி, கூட்டிப் பாருங்கள். 2 மணி நேரத் தடைக்கு 50,000 அலகு. அதே தடை ஆறு தடவை வந்தால் 3 லட்சம். ஒரேயடியாக 12 மணி நேரம் நின்றாலோ 3 லட்சம் நேர்க்கோட்டுச் செலவு, 2 லட்சம் உணவு, 1.8 லட்சம் தண்ணீர், ஆக 6.8 லட்சம். இருட்டில் இருந்த மணிநேரம் இரண்டிலும் ஒன்றுதான், செலவு இரண்டு மடங்குக்கு மேல்.

மனித உயிரையும் உடல்நலத்தையும் இந்தப் பணக்கணக்கில் சேர்க்காதீர்கள். விரிதாளில் பக்கத்தில் தனிப் பத்தி (column) போடுங்கள்: டயாலிசிஸ் நின்றதா, ஆம் அல்லது இல்லை. ஏன் தனியாக என்பது கடைசிப் படியில் தெரியும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அந்த நாட்களில் நியூயார்க் நகரில் வழக்கத்தைவிடச் சுமார் 90 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் விபத்தில் இறந்தவர்கள் இல்லை, நோயில் இறந்தவர்கள். இப்படிப்பட்ட சாவு எந்த மின்தடைப் பட்டியலிலும் தானாக வந்து ஏறுவதில்லை, தேடினால்தான் கிடைக்கும்.

படி 4: எத்தனை மணி நேரம் நிற்கும்?

யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் சிமுலேஷன். பெரும்பாலான தடைகள் குறுகியவை, எப்போதாவது ஒன்று மிக நீளம். இந்த வடிவத்துக்குப் புள்ளியியலில் லாக்நார்மல் என்று அழைக்கப்படும் பரவல் நன்றாகப் பொருந்தும். நம் ஊரில் பாதித் தடைகள் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் நார்ம்.எஸ்.இன்வ் என்ற ஃபங்ஷனுக்குள் ரேண்டைப் போடுங்கள், வருவதை எக்ஸ்ப் ஃபங்ஷனுக்குள் போடுங்கள், அதை 2-ஆல் பெருக்குங்கள்: =2*EXP(NORM.S.INV(RAND())). ஒவ்வொரு தடவை விரிதாளைப் புதுப்பிக்கும்போதும் ஒரு புதுத் தடையின் நீளம் மணிக்கணக்கில் வரும். இதன் சராசரி சுமார் 3.3 மணி.

உண்மையான தரவு தேடும்போது ஓர் எச்சரிக்கை. மின்நிறுவனங்கள் வெளியிடும் சைடி (SAIDI, ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டில் சராசரியாக மின்சாரம் இல்லாத மொத்த நேரம்), சைஃபி (SAIFI, ஆண்டில் சராசரியாக எத்தனை தடவை தடை) எண்களை எடுத்து முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சராசரித் தடை நேரம் கிடைத்துவிடும், ஆனால் பல இடங்களில் புயல் போன்ற ‘பெரிய நிகழ்வு நாட்களை’ ஒதுக்கிவிட்டுத்தான் அந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ-யின் (IEEE) 1366 என்ற தரநிலையிலேயே அதற்கு முறை இருக்கிறது. நிறுவனத்தின் அன்றாட வேலையை மதிப்பிட அது நியாயமான ஏற்பாடுதான். நமக்கோ சமூகச் செலவின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட அந்த நாட்களில்தான் இருக்கிறது. எண்ணை எடுப்பதற்கு முன் எதை விட்டிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பைப் படியுங்கள்.

படி 5: 10,000 தடவை ஓட்டுங்கள்

இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர், தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பைச் சூத்திரத்தில் கண்டுபிடிப்பதைவிட நூறு தடவை ஆடி எண்ணிவிடலாமே என்று யோசித்ததில் பிறந்தது. நாம் செய்வதும் அதுதான்.

முதல் பத்தியில் தடை நேரம். இரண்டாவதில் அதை 25,000-ஆல் பெருக்கிய தொகை. மூன்றாவதில் 4 மணியைத் தாண்டினால் 2 லட்சம், இல்லாவிட்டால் பூஜ்யம். நான்காவதில் 6 மணிக்கு மேல் போன நேரத்துக்கு மணிக்கு 30,000. ஐந்தாவதில் மொத்தம். ஆறாவதில் டயாலிசிஸ் நின்றதா. இந்த வரிசையைக் கீழே 10,000 வரை இழுத்துவிடுங்கள். 100 வரிசையோடு நிறுத்தினால் சராசரி ஒருமுறை 1.3 லட்சம், இன்னொருமுறை 1.7 லட்சம் என்று ஆடிக்கொண்டே இருக்கும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டம் வேண்டும், ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம்.

என்ன வரும் என்றால், சராசரிச் செலவு சுமார் 1.5 லட்சம் அலகு. இப்போது சராசரி நேரமான 3.3 மணியை மட்டும் எடுத்து நேரடியாகச் செலவு போட்டுப் பாருங்கள், சுமார் 82,000-தான் வரும். சராசரித் தடையின் செலவு வேறு, தடைகளின் சராசரிச் செலவு வேறு. 3.3 மணியில் எந்த வீட்டிலும் உணவு கெடவில்லை, எந்தத் தொட்டியும் வற்றவில்லை, அதனால்தான் பாதி இழப்பு காணாமல்போகிறது.

முடிவை ஒற்றை எண்ணாக யாருக்கும் கொடுக்காதீர்கள். பாதித் தடைகளில் செலவு 50,000-க்குள், 20-இல் ஒன்றில் சுமார் 5.9 லட்சத்துக்கு மேல் என்று சொல்லுங்கள். 2003 தடைக்கு அமெரிக்காவில் ஆன இழப்பையே இரு நாட்டு விசாரணைக்குழுவின் அறிக்கை 400 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை என்றுதான் குறிப்பிட்டது. உண்மையில் நடந்து முடிந்த ஒன்றுக்கே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, நடக்கப்போவதற்குப் பின்னம் வரை துல்லியமாக எண் சொல்வது நேர்மை இல்லை.

படி 6: ஒன்றை மாற்றி மறுபடி ஓட்டுங்கள்

இவ்வளவு உழைப்பும் இதற்காகத்தான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

பழுது நீக்கும் நேரத்தைக் கால்பங்கு குறைத்துப் பாருங்கள், அதாவது 2-ஆல் பெருக்கிய இடத்தில் 1.5. சராசரிச் செலவு 1.5 லட்சத்திலிருந்து சுமார் 1.05 லட்சமாக இறங்கும். கால்பங்கு நேரத்துக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய மிச்சம், நீண்ட தடைகள் சுருங்கியதால் வந்த பலன் இது.

அதை மறுபடி 2 ஆக்கிவிட்டு, இப்போது தொட்டியை மட்டும் 6 மணியிலிருந்து 12 மணிக்குப் பெரிதாக்குங்கள். நான்காவது பத்தியிலும் ஆறாவது பத்தியிலும் 6-ஐ 12 ஆக்க வேண்டும். சராசரிச் செலவு ஒரு தடைக்குச் சுமார் 13,000 அலகுதான் குறையும். பணப்பத்தியை மட்டும் பார்ப்பவர், பெரிய தொட்டி கட்டுவது வீண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆறாவது பத்தியைக் கூட்டுங்கள். பழைய தொட்டியோடு 10,000 ஓட்டங்களில் சுமார் 1,360-இல் டயாலிசிஸ் நின்றது. பெரிய தொட்டியோடு சுமார் 370-இல். அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும் பணத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.