வேம் போடும் பாத்தியில் டிஏபி வேண்டாம்

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றங்காலில் வேம் (VAM) என்ற, வேரோடு கூட்டு சேர்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் பூஞ்சையைப் போட்டால், அதே பாத்தியில் டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களைப் போடாதீர்கள். உரச் செலவும் மிச்சம். மணிச்சத்து பற்றாதபோதுதான் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை அதிகமாகக் கசியவிடும். அதை உணர்ந்ததும் பூஞ்சை இழைகள் நன்றாகக் கிளைவிட்டு வேரோடு சேரும். 2005-ல்தான் இது தெரியவந்தது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கசிவு குறைந்துவிடும், காசு கொடுத்து வாங்கிய வேம் சும்மா கிடக்கும். (சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதை முளைப்பதும் இதே கசிவை மோப்பம் பிடித்துத்தான்!)

மண் பரிசோதனையில் மணிச்சத்து மிகக் குறைவு என்று வந்திருந்தால் மட்டும் கொஞ்சம் உரம் போடலாம். அப்புறம், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட் பயிர்களுக்கு வேம் வாங்கவே வேண்டாம். அவை இந்தப் பூஞ்சையோடு கூட்டு சேருவதில்லை.