சாச்சபோயாஸ் பத்திப் பேசும்போது நாம பண்ற தப்புகள்

பெருவோட வடக்குல அமேசோனாஸ்னு ஒரு மாகாணம், அதோட தலைநகர்தான் சாச்சபோயாஸ். சுமார் 30 ஆயிரம் பேர் இருக்கிற குட்டி ஊரு, உள்ளூர்க்காரங்க சுருக்கமா 'சாச்சா'ம்பாங்க.

பேர நம்பி ஏமாறுறதுதான் முதல் தப்பு. அமேசோனாஸ்னு கேட்டதும் கசகசன்னு வேர்வை, கொசு, படகு, அனகோண்டான்னு மனசு எங்கேயோ போயிடும். ஊரு இருக்கிறதோ ஆண்டிஸ் மலைல, 2,300 மீட்டர் உயரத்துல, ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம உக்கார முடியாது. நான்கூட மொதல்ல மேப்ல வெறும் 'அமேசோனாஸ்'னு அடிச்சு பிரேசில்ல இருக்கிற மனாவுஸோட வெதர பாத்துட்டு இருந்தேன். பிரேசில், கொலம்பியா, வெனிசுலா, பெரு, நாலு நாட்டுலயும் இதே பேர்ல மாகாணம் இருக்கு, அதனால நாட்டோட பேரையும் சேத்து அடிங்க.

அடுத்தது இதுதான் எனக்கு ரொம்ப கடுப்பு, பெருல எந்தக் கல்லப் பாத்தாலும் 'இன்கா'ன்னு சொல்லிடறது. பக்கத்து மலைல சுமார் 3,000 மீட்டர் உயரத்துல குவேலாப் கோட்டை இருக்கே, அத கட்டுனது சாச்சபோயா மக்கள், ஆறாம் நூற்றாண்டு வாக்குலயே வேலை ஆரம்பிச்சிருச்சு, இன்காக்காரங்க படையோட இந்தப் பக்கம் வந்தது 15ஆம் நூற்றாண்டுலதான். மதில் சில எடத்துல 20 மீட்டர் வரைக்கும் நிக்குது. வாசல் வெளில அகலமா ஆரம்பிச்சு உள்ள போகப் போக சுருங்கிட்டே வந்து கடைசில ஒரு ஆள்தான் நுழைய முடியும், எதிரி எத்தன பேர் வந்தாலும் ஒத்தை ஒத்தையாத்தான் வரணும், யோசிச்சுப் பாருங்க! உள்ள 400க்கு மேல வட்ட வட்டமா வீடுகளோட அடித்தளம். இத இன்காக்காரங்க மலைமேல கட்டுன பிரபலமான நகரத்தோட பேர வெச்சு 'ரெண்டாவது மாச்சு பிச்சு'ன்னு எழுதுறாங்க, ஆனா வயசுல குவேலாப்தான் மூத்தது.

1538ல அலோன்சோ தே அல்வராடோங்கிற ஸ்பானியர் ஊர நிறுவினார்ங்கிறது சரிதான், ஆனா அங்கதான் சரித்திரமே ஆரம்பிச்ச மாதிரி எழுதாதீங்க. அவர் மொதல்ல நிறுவினது லா ஹல்காங்கிற எடத்துல, அப்புறம்தான் எடம் மாறி இங்க வந்துச்சு. வெள்ளைச் சுவர், மர பால்கனி எல்லாம் ஸ்பானியர் பாணி. 1821ல ஊர் எல்லைல இருக்கிற ஹிகோஸ் உர்கோல பெருவோட விடுதலைக்காகப் போராடினவங்க ஸ்பெயின் படையத் தோக்கடிச்சாங்க, அத யாரும் கண்டுக்கறதே இல்ல.

இன்னொன்னு, சாச்சபோயா மக்கள் வெள்ளையா இருந்தாங்கன்னு 16ஆம் நூற்றாண்டுல சியேசா தே லியோன்ங்கிற ஸ்பானிய வரலாற்றுக் குறிப்பாளர் எழுதினத பிடிச்சுக்கிட்டு ஐரோப்பாலேர்ந்து வைக்கிங் வந்தாங்க, கெல்ட் வந்தாங்கன்னு வீடியோ போடறாங்க, அதுக்கு ஆதாரம்னு ஒண்ணும் கெடையாது.

போறவங்களுக்கு ஒண்ணு. குவேலாப் ஊருக்குள்ள இல்ல, நுவேவோ திங்கோ போய் 2017ல வந்த கேபிள் கார் ஏறணும், 4 கிலோமீட்டர், 20 நிமிஷம். பழைய பயணக்குறிப்ப மட்டும் படிச்சுட்டுப் போகாதீங்க, 2022 ஏப்ரல்ல மழைல மதில் ஒரு பக்கம் சரிஞ்சு கோட்டைய மூடிட்டாங்க, அப்புறம் தெறந்தப்பவும் எல்லா எடத்துக்கும் விடல. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழை, மே தாண்டிப் போனா ரோடு காஞ்சிருக்கும், ஆனா இந்தப் பக்கம் இருக்கிற 771 மீட்டர் உயர கோக்தா அருவில தண்ணி கொஞ்சம் மெலிஞ்சுதான் விழும்.