முடி கொட்டுதா? காலண்டரை மூன்று மாதம் பின்னால் புரட்டுங்கள்

கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்துவிட்டு கவுண்டரில் நிற்பவளிடம் தலைவலி, வாயுத் தொல்லைக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது "அக்கா, முடி கொட்டுது, ஏதாச்சும் குடுங்க"தான். அந்த 'ஏதாச்சும்' எனக்குப் பிடிக்காது. முடி கொட்டப் பல காரணம் உண்டு. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. பர்ஸைத் திறக்குமுன், நான் வாடிக்கையாகக் கேட்கும் கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு என்ன ஆயிற்று? டெங்கு, டைபாய்டு, கொரோனா, பிரசவம், ஆபரேஷன், கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தது என்று ஏதாவது இருந்ததா? ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, பிறகு சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்து உதிரும். சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு முடிதான் ஓய்வில் இருக்கும். காய்ச்சல் அடித்துப் போட்டால் ஏகப்பட்ட முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவ்வளவும் சேர்ந்து கொட்டும்போது காய்ச்சல் மறந்தே போயிருக்கும். போன வாரம் மாற்றிய ஷாம்பு மேல் பழி விழும். இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று, முடி திரும்ப வரும். முட்டை, பருப்பு, கீரை என்று ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் மாதத்தில் கொத்துக் கொத்தாக வருகிறதே என்று அழுதுகொண்டு வரும் பெண்களுக்கு நான் எதையும் விற்பதில்லை. முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து பால் கொடுக்கும்போது கூடவே கூடாது.

எவ்வளவு கொட்டினால் அதிகம்? ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. செவ்வாய், வெள்ளி மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நான்கு நாள் முடி மொத்தமாகக் கையோடு வரும், பயப்பட ஒன்றுமில்லை. உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளையாகச் சின்ன முடிச்சு இருப்பதைக் காட்டி "வேரோட வந்துடுச்சு பாருங்க" என்பார்கள். அது வேர் இல்லை, ஓய்வுக் காலம் முடிந்து விழுந்த முடியின் அடையாளம். முடி முளைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் டாக்டரைப் பார்க்கலாம்.

அடுத்த கேள்வி: எந்த இடத்தில்? ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலையும் ஏறி, உச்சியில் வட்டமாக மெலிந்தால் பரம்பரைச் சொட்டை. பெண்களுக்கு முன் நெற்றி அப்படியே இருக்கும், வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பத்தில் இருக்கும் வகிட்டையும் இன்றைய செல்ஃபியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்குச் சில குழிகள் பிறவியிலேயே ஒத்துக்கொள்ளாமல், முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து பூனைமுடியாகிவிடும். ஹெல்மெட்டும் போர் தண்ணீரும் இதற்குக் காரணமில்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் உடைக்கும், அவ்வளவுதான். மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் நம்பிக்கைதான். வேண்டுதல் இருந்தால் போடுங்கள், முடிக்காகப் போடாதீர்கள்.

நாணயம் அளவுக்கு வழவழவென்று திட்டு விழுந்தால் புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குவதால் வருவது அது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்து தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். தோல் டாக்டர் திட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். சின்னத் திட்டு பல பேருக்குத் தானாகவும் நிரம்பும். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு இப்போது பாரிசிட்டினிப் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. கடும் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து.

குழந்தை தலையில் செதில் செதிலாகத் திட்டு, முடி உடைந்து கறுப்புப் புள்ளியாக நின்றால் படர்தாமரை. தயவுசெய்து ஸ்டீராய்டு களிம்பு கேட்டு வராதீர்கள், பரவும். அதற்கு வாய் வழி மாத்திரை வேண்டும். தோல் பளபளவென்று, குழியே தெரியாமல், எரிச்சலோடு முடி போனால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அந்த வகையில் போன முடி திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். இழுத்து இழுத்து இறுக்கிப் பின்னுவதால் காதோரம், நெற்றியோரம் வழுக்கை விழுகிற பெண்களுக்கு மருந்து தளர்ந்த பின்னல்தான்.

பெண்களுக்குப் பெரும்பாலும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பான ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். மாதவிடாய் தாறுமாறாக இருந்து முகத்தில் முடியும் வளர்ந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரும்பு மாத்திரையைக் காபி டீயோடு விழுங்காதீர்கள், உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பயோட்டின் என்ற பி வைட்டமின் கம்மீஸ் (மிட்டாய் மாதிரி மெல்லும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லியே ஆக வேண்டும். தைராய்டு ரிசல்ட்டையே அது பொய்யாக்கிவிடும்; இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடச் சொல்வார்கள். பயோட்டின் குறைபாடு உள்ளவர்கள் மிக அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த டப்பா என் கடையிலும்தான் அடுக்கியிருக்கிறது. கரிசலாங்கண்ணி எண்ணெய் முடியை மிருதுவாக வைக்கும், விழுந்த வழுக்கையில் முளைக்க வைக்காது. பொடுகு இருக்கும்போது எண்ணெய் வழியத் தடவினால் பொடுகுதான் கொழுக்கும்.

பரம்பரைச் சொட்டைக்கு மெய்யாகவே வேலை செய்யும் மருந்துகள் இரண்டு. மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலும் முடி வளர்ந்ததைப் பார்த்து, தடவும் மருந்தாக்கி 1988-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆண்கள் பொதுவாக 5 சதவீதக் கரைசலை ஒரு வேளைக்கு 1 மில்லி, தினம் இரு வேளை தடவுவார்கள். 60 மில்லி புட்டி சரியாக ஒரு மாதம் வரும். "இன்னும் பாதி இருக்குக்கா" என்று மூன்றாம் மாதம் சொல்பவர் மருந்து கேட்கவில்லை என்று குறைசொல்லவே முடியாது. முடியை விலக்கி, காய்ந்த தலைத்தோலில் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் பரப்புங்கள், கையைக் கழுவுங்கள், நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம். தலையணையில் பட்டதை நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து.

முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். பாதிப் பேர் இங்கேதான் புட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புது முடி கிளம்புவதால் வருவது அது. நான்கு முதல் ஆறு மாதம் போனால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் சில மாதத்தில் வந்தது போய்விடும். வீட்டு வாடகை மாதிரி, கொடுக்கிற வரைதான் குடியிருக்கலாம்.

இன்னொன்று ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, ஆண்களுக்கு, 1997-ல் அனுமதி கிடைத்தது. டி.எச்.டி.யைக் குறைக்கும். சிலருக்கு ஆண்மை சார்ந்த தொந்தரவும் மனச்சோர்வும் வரலாம் என்பதால் டாக்டர் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவை இது பாதியாகக் காட்டும்; டாக்டரிடம் சொல்லி வையுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும்.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்குப் பலன் தருகிறது, சிலருக்கு இல்லை. மருந்தை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பிப் பணம் கட்ட நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக முடி நடுதல். பின்தலை முடி டி.எச்.டி.க்கு அசையாது; அதை எடுத்து முன்னால் நடுகிறார்கள். பட்டையாக வெட்டி எடுப்பது ஒரு முறை, குழி குழியாக எடுப்பது இன்னொரு முறை. பின்தலை இருப்பு ஒரு தடவைதான் கிடைக்கும். இருபத்திரண்டு வயதில் முன் நெற்றிக்கு எல்லாவற்றையும் செலவழித்தால் நாற்பதில் உச்சிக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. நட்ட முடி சில வாரத்திலேயே உதிரும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஒரு வருடம் ஆகும்.

இது அறுவைச் சிகிச்சை. 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றது இதற்குப் போதாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எழுத்திலேயே சொல்லிவிட்டது. முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: கத்தியைப் பிடிக்கப் போவது யார், அவர் பதிவு எண் என்ன, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா? அப்புறம், நடாத இடத்தில் இருக்கும் என் சொந்த முடி இனிமேல் கொட்டினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அதற்கு மருந்தைப் பற்றிப் பேசாமல் இந்த மாதச் சலுகையைப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.