குழந்தைக்கு இரும்புச்சத்து சிரப் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா?

மருந்து சரிதான், கொடுக்கிற விதம்தான் பெரும்பாலும் கோளாறு. 2 முதல் 5 வயதுக்குள் 100 மி.லி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 5 முதல் 11 வயது வரை 11.5, 12 முதல் 14 வரை 12. இமையைக் கீழிழுத்து வெளுப்பைப் பார்ப்பது சந்தேகப்பட உதவும், முடிவுக்கு உதவாது. மூச்சு வாங்கினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ சிரப்பை நம்பி வீட்டில் உட்காராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

வழக்கமான அளவு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. இரும்பு. லேபிளில் பார்க்க வேண்டியது 'எலிமென்டல் அயர்ன்' (மருந்தில் உள்ள இரும்பின் அளவு மட்டும்) என்ற எண்ணை. மருந்து உப்பின் எடை அதைவிடப் பெரிதாக இருக்கும். 10 கிலோ குழந்தைக்கு 30 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 50 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி. அதே குழந்தைக்கு அடுத்த முறை 1 மி.லி.யில் 25 மி.கி. உள்ள சொட்டு மருந்து வாங்கி, பழக்கத்தில் 3 மி.லி. கொடுத்தால் 75 மி.கி. போய்விடும்; வேண்டியது 1.2 மி.லி.தான். பாட்டில் மாறும்போதெல்லாம் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ அளவைக் கேட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுங்கள். வீட்டு ஸ்பூன் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

நாளுக்கு ஒரு வேளை போதும், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில். பாலும் டீயும் இரும்பை உறிஞ்ச விடாது. எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு உதவும். வயிறு வலித்தால் சாப்பிட்டதும் கொடுக்கலாம், உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்துவதைவிட மேல். பல்லில் கறை படியாமல் கன்னத்தின் உட்புறம் பின்பக்கமாக விட்டு, மேலே தண்ணீர் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் குடித்தால் சோறு இறங்காது. பாலில் இரும்பு மிகக் குறைவு. சிரப்போடு பாலையும் குறைக்காவிட்டால் பலன் பாதிதான்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். வேளை தவறியதா, குடற்புழுவா, இரத்தம் கசிகிறதா, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் கூறா என்று டாக்டர் பார்க்கட்டும். ஏறிவிட்டால் அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பின் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் 2, 3 மாதம் கொடுக்க வேண்டும்.

பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இனிப்பென்று குழந்தை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வாந்தி நின்று சில மணி நேரம் தெளிந்தாற்போல் இருந்து, பிறகு மோசமாகும். தெளிந்துவிட்டதே என்று காத்திருக்காமல் குடித்தது தெரிந்ததும், காலியான பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.