பீலித் தண்ணீரும் அமோனியாவும்: மலையகத்தில் மீன் தாங்கி வைப்பவர்கள் விடும் தவறுகள்

தண்ணீரைச் சுழற்றி மீன் வளர்க்கக் கிளம்புபவர்கள் பம்ப் என்ன விலை, தாங்கி எத்தனை லீற்றர் என்றுதான் விசாரிக்கிறார்கள். வடிகட்டிக்குள் ஒட்டி வாழும் பக்டீரியாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் வேலை செய்வது அதுதான். மீன் செவுள் வழியாக விடும் அமோனியாவை ஒரு வகை பக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

அவசரம்தான் பெரிய வில்லங்கம். சூடான ஊர்களில் இந்தப் பக்டீரியா வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்றால், சராசரி 16 பாகை மட்டுமே இருக்கும் நுவரெலியாவில் அதைவிட நிறையப் பொறுக்க வேண்டும். அமோனியா இறங்கிவிட்டதே என்று குஞ்சுகளை விட்டுவிடாதீர்கள், அப்போதுதான் நைட்ரைட் ஏறும். செவுள் கபில நிறமாகி மீன் மேலே வந்து வாய் பிளக்கும். கொஞ்சம் உப்புப் போட்டால் அதிலுள்ள குளோரைட்டு நைட்ரைட்டை மீனின் இரத்தத்துக்குள் போக விடாமல் தடுக்கும்.

நம்ம ஊருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குடிக்க அருமை, ஆனால் மென்நீர், காரத்தன்மை (அமிலத்தைச் சமாளிக்கும் சக்தி) குறைவு. ஒரு கிலோ தீனியிலிருந்து ஏறக்குறைய 30 கிராம் அமோனியா வரும், அதில் ஒவ்வொரு கிராமையும் மாற்ற பக்டீரியா ஏழு கிராம் காரத்தன்மையைத் தின்கிறது. பிறகு பிஎச் சரிந்து, ஆறுக்குக் கீழே போனால் வடிகட்டி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் ஒரு கிலோ தீனிக்குச் சுமார் கால் கிலோ அப்பச்சோடா என்று கணக்கு வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுங்கள்.

ஒரேயடியாக மட்டும் வேண்டாம். நான் அப்படிச் செய்து கெட்டவன். அமோனியா சோதனைக் குழாய் அளவு மிக அதிகம் என்று கரும்பச்சையாக நிற்கிறது, மீனோ ஜம்மென்று நீந்துகிறது. பிஎச் குறைவாக இருந்ததால் அமோனியா பெரும்பாலும் அமோனியமாகத்தான் இருந்திருக்கிறது, அது அவ்வளவு விஷமில்லை. நான் சோடாவை அள்ளிக் கொட்டினேன். 20 பாகையில் பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு பத்து மடங்களவு கூடும் என்பது காலையில் மிதந்ததை அள்ளும்போதுதான் உறைத்தது. முதலில் தண்ணீரில் பாதியை மாற்றியிருக்க வேண்டும், தீனியை நிறுத்தியிருக்க வேண்டும், அப்புறம்தான் சோடா.

வடிகட்டித் துண்டுகளைக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும் வழக்கமாக நடக்கிறது. அழுக்கோடு பக்டீரியாவும் போய்விடும். தாங்கித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, பாதித் துண்டுகளை மட்டும் லேசாக அலசினால் போதும்.

கரண்ட் போனால் மீனுக்குக் காற்று கொடுக்க ஓடுகிறோம், வடிகட்டியை மறந்துவிடுகிறோம். தண்ணீர் நின்றால் அதற்குள்ளும் ஒட்சிசன் தீரும். சில மணிநேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் உள்ளே தேங்கியதைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே வடித்துவிட்டுப் பம்பைப் போடுங்கள், முட்டை நாற்றம் அடித்தால் கட்டாயமாக.