புற்றுக் காளான் பறிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் காட்டோரங்களில் இடியும் மழையும் ஓய்ந்த பின் கறையான் புற்றருகே முளைக்கும் சிறு காளான் கூட்டத்தைப் பெரிய புற்றுக் காளானின் குஞ்சு என்று கருதி, வளரட்டும் என விட்டுவிடுவது தவறு. சிறியது டெர்மிடோமைசஸ் மைக்ரோகார்பஸ். பெரியது 1979இல் தென்னிந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட டெர்மிடோமைசஸ் ஹெய்மி. இரண்டும் கறையான்கள் தம் உணவுக்காக வளர்க்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குடை இரண்டு சென்டிமீட்டர் அகலத்திலேயே முழுமையாக விரிந்து, அதன் அடிப்புறத்துத் தகடு போன்ற மடிப்புகளான அடிச்செதில்கள் வெளியே தெரிந்தால், அது முதிர்ந்த சிறிய இனமே. பெரியதன் இளமொட்டோ தடித்து, மூடியே இருக்கும்.

தண்டை மண்மட்டத்தில் ஒடித்தெடுப்பது இதைவிடப் பெரிய தவறு என்பேன், ஏனெனில் இனங்காண உதவும் சான்று மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஹெய்மியின் தண்டு வேர்போல் நீண்டு, புற்றின் அடியில் கறையான்கள் பூஞ்சை வளர்க்கும் பூஞ்சைக் கூட்டைச் சென்று தொடும். தண்டின் மேற்பகுதியில் தடித்த வளையமும் உண்டு. மைக்ரோகார்பஸுக்கு வளையமும் இல்லை, அத்தகைய நீண்ட வேரும் இல்லை. கறையான்கள் வெளியே கொண்டுவந்து பரப்பிய பூஞ்சைக் கூட்டின் துணுக்குகளிலிருந்து அது முளைப்பதால், அரிசி இறைத்ததுபோல் மண்மேல் கிடக்கும்.

புற்றருகே முளைத்ததெல்லாம் உண்ணத்தக்கது என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. புல்தரையில் வளரும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளானுக்கும் வெண்குடையும் வளையமும் உண்டு. அதன் அடிச்செதில்களும் இளமையில் வெள்ளையாகவே இருப்பதால், அவற்றின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது. குடையின் மேலுள்ள பழுப்புப் பொருக்குகளும் தண்டடியில் நீண்ட வேரின்மையும் முதல் எச்சரிக்கை. விரிந்த குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, ஓரிரவு வைத்தால் நச்சுக் காளான் பச்சை நிற வித்துத் தூளையும், புற்றுக் காளான்கள் இளஞ்சிவப்புத் தூளையும் படியவிடும். ஆனால் இளஞ்சிவப்புத் தூள் வேறு சில காளான்களுக்கும் உண்டு. எனவே வேரும் முளைத்த இடமும் அதனுடன் பொருந்தியாக வேண்டும்.

மஞ்சள் சேர்த்து வேகவைப்பதும் வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பதும் எந்த நஞ்சையும் காட்டித் தருவதில்லை. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் அத்தகையதே. உண்டபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் பொதிந்து மருத்துவமனைக்கு உடன் கொண்டுசெல்ல வேண்டும்.